மரு, மறு, மச்சம், பாலுண்ணி: குழந்தையின் தோலும் வீட்டுக் குறிப்பின் தமிழும்



மொழியியல் கற்றவர் ஒருவர் குழந்தையின் தோலில் தோன்றும் மருவைப் பற்றி எழுத வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவம் எம் துறையன்று. நோயைக் கண்டறிவதும் மருந்து தருவதும் மருத்துவரின் கடமை. ஆனால் மருத்துவரின் அறையைவிட்டு வெளியே வந்த பின்னர்த் தாயின் கையிலும் தாத்தாவின் கையிலும் எஞ்சியிருப்பது ஒரு தாள். அத்தாளில் இருப்பது மொழி. மொழி தடுமாறினால் மருந்தும் தடுமாறும். இதனை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. எம் வீட்டில், எம் கையாலேயே கற்றோம்.

எம் பேர்த்தி தொடக்கநிலை இரண்டில் பயின்றபோது அவளுடைய வலக்கைச் சுட்டுவிரலின் பக்கத்தில், பென்சில் அழுந்தும் இடத்தில், சொரசொரப்பான சிறு முகிழ் ஒன்று தோன்றியது. மருத்துவர் பார்த்தார், அச்சமில்லை என்றார், தூரிகையுடன் கூடிய சிறு குப்பியில் மருந்தும், தமிழில் அச்சிட்ட வீட்டுப் பராமரிப்புத் தாளும் தந்தனுப்பினார். வீட்டில் தமிழ் கற்றவர் நாமே ஆகையால் தாளைப் படிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மருந்தைப் பாதிக்கப்பட்ட பகுதியில் ‘விண்ணப்பிக்க’ வேண்டும் என்று அதில் கண்டோம். ஆங்கிலத்தில் ஒரே வினை மருந்து தடவுவதையும் வேலைக்கு மனுச் செய்வதையும் குறிக்கும். பெயர்த்தவர் இரண்டாவதைக் கொண்டுவிட்டார். வாய்விட்டுச் சிரித்தோம். அடுத்த வரியில், சுற்றியுள்ள தோலைப் ‘பாதுகாக்க’ வேண்டும் என்றிருந்தது. அதில் பிழை ஏதும் தென்படாமையால் கடந்து சென்றோம்.

எம்மைத் தவறச் செய்தது அந்தப் பிழையற்ற வரிதான். எதனால் பாதுகாப்பது, மருந்து இடுவதற்கு முன்னரா பின்னரா என்று தாள் சொல்லவில்லை. முகிழின் மீதும் அதனைச் சுற்றியும் தாராளமாக மருந்து தடவி, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டுவதே பாதுகாப்பு என்று நாமாகக் கருதிக்கொண்டோம். மூன்றாம் நாள் விரலின் நல்ல தோல் வெளுத்து உரிந்தது. குளிக்கும்போது குழந்தை அழுதாள். ஒரு வாரம் அவளால் பென்சில் பிடிக்க இயலவில்லை. பின்னர் மருந்தாளர் ஒருவர், முகிழைச் சுற்றிலும் முதலில் பெட்ரோலியம் ஜெல்லியை வளையம்போல் பூசவேண்டும், அதன்பின் முகிழின்மீது மட்டும் ஒரு துளி மருந்து இடவேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் விளக்கினார். தாளில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் அது.

சிரிப்பை வரவழைக்கும் பிழை குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. படிப்பவர் அதனைக் கண்டு திருத்திக்கொள்கிறார். இலக்கணம் வழுவாது, செயலைச் சொல்லாது நிற்கும் வாக்கியமே தீங்கு செய்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதனையே. குழந்தைகளின் தோலில் தோன்றும் தீங்கற்ற முகிழ்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முதலில் பெயரையும், பின்னர் வினையையும், இறுதியாக எச்சரிக்கையையும் நோக்குவோம்.

1. பெயரில் தொடங்கும் குழப்பம்

தோலில் தோன்றுவனவற்றிற்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. மரு, மறு, மச்சம், பாலுண்ணி, பரு, கட்டி, கழலை, கொப்புளம், தழும்பு என அடுக்கலாம். இவற்றுள் முதல் நான்கும் அன்றாடப் பேச்சில் ஒன்றுக்கொன்று மாறி வழங்குகின்றன.

‘மறு’ என்பதன் பழம்பொருள் கறை, புள்ளி என்பது. நிலவில் தெரியும் கறையைத் திருக்குறள் ‘மறு’ என்றே குறிக்கிறது. குற்றமற்றதை ‘மறுவற்றது’ என்கிறோம். அப்பொருளில் உடலிலுள்ள கரும்புள்ளியும் மறு ஆயிற்று. ‘மரு’ என இடையின ரகரத்தால் எழுதும்போது, மருக்கொழுந்தில் உள்ள மணம் என்னும் பொருள் ஒருபுறம் இருக்க, இன்றைய வழக்கில் அது தோலில் முளைக்கும் சொரசொரப்பான முகிழைக் குறிக்கிறது. எழுத்தில் இவை இரண்டு சொற்கள். ஆயின் நம் நாட்டுத் தமிழர் பேச்சில் ரகரமும் றகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பாட்டி தொலைபேசியில் ‘பிள்ளைக்கு மரு’ என்று சொன்னால், கேட்பவர் எதனை எண்ணுவார் என்று உறுதி கூற இயலாது.

‘மச்சம்’ வடமொழிவழி வந்த மீன் என்னும் பொருளையும் உடையது. இலங்கைத் தமிழர் புலால் உணவையும் மச்சம் என்பர். தோலைப் பொறுத்தவரை அது மறுவுக்கு நிகராகக் கரும்புள்ளியைக் குறிக்கிறது. ‘பாலுண்ணி’ மேலும் விரிந்தது. சொரசொரப்பான மரு, கழுத்தில் தொங்கும் சிறு தோல் துணுக்கு, முத்துப்போல் திரளும் முகிழ் ஆகிய மூன்றையுமே வெவ்வேறு வீடுகளில் பாலுண்ணி என்று அழைக்கக் கேட்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் அண்டைமொழியான மலாய் தெளிவாக நடந்துகொள்கிறது. கரும்புள்ளியை மலாயில் ‘தாஹி லாலாட்’ என்பர். ஈயின் எச்சம் என்பது அதன் நேர்ப்பொருள். மருவை ‘கெத்துவாட்’ என்பர். ஒலியிலோ பொருளிலோ இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. இந்நாட்டில் வளர்ந்த நம் முதியோர் பலர், தமிழில் ஐயம் எழும்போது மலாய்ச் சொல்லைக் கூறித் தெளிவு பெறுவதைக் காணலாம். அது மொழிக்கலப்பு என்று முகம் சுளிக்க வேண்டியதன்று. தமிழில் அவ்விடத்தில் ஒரு வேறுபாடு மங்கியிருக்கிறது என்பதற்கான சான்று.

இம்மயக்கத்தின் விளைவு என்ன? மருவுக்கு உரிய அமில மருந்தை மச்சத்தின்மீது தடவக் கூடாது. மச்சம் நிறமிச் செல்கள் திரண்ட புள்ளி. அதனை அமிலத்தால் அரித்துவிட்டால், பின்னாளில் அதில் மாற்றம் நேர்ந்தாலும் மருத்துவர் அதனைக் கண்டறிவது கடினமாகும். எனவே பெயரைச் சரியாகச் சொல்வது புலமை காட்டும் செயலன்று. மருந்து எங்கே படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் செயல்.

2. கண்ணால் காண்பதைச் சொல்லால் பிரித்தல்

பெயர் மயங்கும்போது வடிவத்தைச் சொல்வதே வழி. குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படும் மூன்றினை நாம் இவ்வாறு விவரிக்கலாம்.

முதலாவது மரு. தொட்டால் சொரசொரக்கும், பூக்கோசின் மேற்புறம்போல் இருக்கும். விரல், புறங்கை, முழங்கால், பாதம் ஆகிய இடங்களில் மிகுதி. உற்றுப் பார்த்தால் உள்ளே சிறு கரும்புள்ளிகள் தெரியும். அவற்றை ‘வேர்’ என்றும் ‘விதை’ என்றும் கூறுவர். உண்மையில் அவை குருதி உறைந்த நுண்குழாய்கள். வேர் என்று பெயரிட்டதால் அதனைத் தோண்டி எடுக்க முனைவோர் உண்டு. மருவுக்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா கிருமி. இப்பெயரைக் கேட்டதும் சில பெற்றோர் திகைப்பதுண்டு. மகளின் பள்ளியில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்காக வந்த கடிதத்தில் அதே பெயரைக் கண்டிருப்பர். மலேசியப் பள்ளிகளில் 2010 முதலும் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் 2019 முதலும் அத்தடுப்பூசி போடப்படுகிறது. இக்கிருமியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. விரலில் மருவை உண்டாக்கும் வகைகள் வேறு, புற்றுநோயோடு தொடர்புடையவை வேறு. இவ்வொரு வாக்கியம் தாளில் இருந்தால் ஒரு தாயின் உறக்கம் காக்கப்படும்.

இரண்டாவது, முத்து போன்ற முகிழ். வழவழப்பாக, தோலின் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ, இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நடுவில் தொப்புள்போல் சிறு குழி காணப்படும். அக்குள், மார்பு, வயிறு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் கூட்டமாக வரும். ஆங்கில மருத்துவர் தாமஸ் பேட்மன் 1817-ஆம் ஆண்டு விவரித்த இதனை மருத்துவர்கள் ‘மொலஸ்கம்’ என்பர். இதனையும் ஒரு கிருமியே உண்டாக்குகிறது. ஆனால் மருவின் கிருமியன்று, அம்மைக் கிருமிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது, கைக்குழந்தையின் தோலில் பிறந்த சில வாரங்களுக்குள் தோன்றும் செம்மையான மேடு. ஸ்ட்ராபெரிப் பழத்தின் நிறமும் தோற்றமும் உடையது. இது கிருமியால் வருவதன்று. குருதிக் குழாய்கள் கூடுதலாகத் திரள்வதால் வருவது. ஆகவே ‘குருதிக்குழல் மேடு’ என்று சொல்லலாம். முதல் சில மாதங்களில் விரைந்து பெருகி, பின்னர்ப் பல ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும்.

முதலாவதற்கு மருந்து தடவலாம். இரண்டாவதைப் பெரும்பாலும் தொடாமல் விடவேண்டும். மூன்றாவதை மருத்துவரிடம் காலம் தாழ்த்தாது காட்டி, அவர் சொற்படி காத்திருக்க வேண்டும். பாலுண்ணி என்னும் ஒரே பெயரின் கீழ் இம்மூன்றும் அடங்கிவிட்டால், ஒன்றின் அறிவுரை மற்றொன்றின்மீது விழும்.

3. ‘தீங்கற்ற தோல் வளர்ச்சி’

இத்தாள்களின் தலைப்பில் அடிக்கடி காணும் தொடர் ‘குழந்தையின் தீங்கற்ற தோல் வளர்ச்சி’ என்பது. சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பு. ஆயினும் தமிழில் ‘வளர்ச்சி’ நற்சொல். குழந்தையின் வளர்ச்சி, நாட்டின் வளர்ச்சி, மொழி வளர்ச்சி என்றே நாம் வழங்குகிறோம். இத்தலைப்பைப் படிக்கும் பாட்டி, குழந்தையின் தோல் நன்றாக வளர்வதைப் பற்றிய தாள் என்று எண்ணி எடுத்து வைத்துவிடக்கூடும். ‘கட்டி’ என்று மாற்றினாலோ மறுபுறம் அச்சம் பிறக்கும். கட்டி என்றதும் புற்றுநோயை எண்ணுவோர் பலர். ஆகவே ‘முகிழ்’, ‘முகிழ்ப்பு’, ‘சிறு மேடு’ போன்ற நடுநிலைச் சொற்களை நாம் பரிந்துரைக்கிறோம்.

‘தீங்கற்ற’ என்பதும் தனியே நிற்கப் போதாது. எதற்குத் தீங்கற்றது? புற்றுநோயன்று, பிற உறுப்புகளுக்குப் பரவாது என்பதே மருத்துவர் கருதும் பொருள். ஒட்டாது, வலிக்காது, எதுவும் செய்யத் தேவையில்லை என்று படிப்பவர் விரித்துக்கொள்கிறார். மரு தீங்கற்றதே, ஆனால் ஒட்டும். ‘இது புற்றுநோயன்று, உயிருக்கு ஊறு இல்லை, ஆனால் பிறருக்கு ஒட்டக்கூடும்’ என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் ஐயம் தீரும்.

4. வினையே மருந்து: மருவுக்கு ஒரு மாதிரித் தாள்

மருவுக்கு வீட்டில் பயன்படுத்தும் மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலை அது படலம் படலமாக மென்மையாக்கி உரிக்கிறது. சிறு குழந்தைக்கு இதனைத் தொடங்குமுன் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டல் வேண்டும். அவர் ஒப்பிய பின்னர்த் தாள் எப்படி இருக்கலாம் என்பதற்கு நாம் எழுதிப்பார்த்த மாதிரி வருமாறு:

ஒன்று: மருவுள்ள விரலை இளஞ்சூடான நீரில் ஐந்து நிமிடம் ஊற வையுங்கள், பின் துடைத்து உலர விடுங்கள்.

இரண்டு: வாரம் ஒருமுறை அல்லது இருமுறை, நகம் தேய்க்கும் அட்டையால் மருவின் மேற்பகுதியை மெல்லத் தேயுங்கள். குருதி வரும் அளவுக்குத் தேய்க்காதீர்கள். அந்த அட்டையை வேறு யாரும், வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டா.

மூன்று: மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லியை வளையம்போல் பூசுங்கள்.

நான்கு: மருவின் மீது மட்டும் ஒரு துளி மருந்து இடுங்கள், காயும் வரை குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: உங்கள் கையைக் கழுவுங்கள்.

ஆறு: நாள்தோறும் ஒருமுறை செய்யுங்கள். தோல் சிவந்து எரிந்தால் சில நாள் நிறுத்துங்கள். ஆறிய பின் தொடருங்கள்.

ஏழு: பன்னிரண்டு வாரம் ஆகியும் மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இம்மாதிரியில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, ஒரு வாக்கியத்துக்கு ஓரிரு செயல். கண்ணும் கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல அது வழிசெய்கிறது. இரண்டாவது, ‘செய்யவும்’, ‘செய்க’ என்னும் வடிவங்களை விடுத்துச் ‘செய்யுங்கள்’ என்றோம். ‘செய்யவும்’ என்பது அறிவிப்புப் பலகையின் மொழி. யாரையும் நோக்கி நில்லாது. மூன்று தலைமுறை வாழும் வீட்டில் அவ்வாறு எழுதினால், தாய் செய்வார் என்று பாட்டியும் பாட்டி செய்வார் என்று தாயும் எண்ணக்கூடும். பல வீடுகளில் மருந்து இடுபவர் தமிழறியாத இல்லப் பணிப்பெண். பாட்டி தமிழில் படித்து அவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துரைக்கிறார். எளிய வினை மட்டுமே அவ்விரண்டாம் பெயர்ப்பில் தப்பிப் பிழைக்கும். மூன்றாவது, அளவு. ‘சிறிதளவு’, ‘சில காலம்’, ‘தேவைக்கேற்ப’ என்பன சமையற்குறிப்புக்குப் பொருந்தலாம், அமிலத்துக்குப் பொருந்தா. ஒரு துளி, ஐந்து நிமிடம், பன்னிரண்டு வாரம் என்று எண்ணாகச் சொல்லவேண்டும்.

அட்டையைப் பற்றிய இரண்டாம் வரியில் ஒரு பொறியும் உள்ளது. தேய்க்கும் அரத்துக்கும் அலுவலகக் கோப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பெயர்ப்புப் பொறியை நம்பினால், கோப்பைப் பகிரவேண்டா என்று தாள் கூறும். அதையும் கண்டு சிரிப்போம். ஆனால் ஒரே அட்டையால் அண்ணன் நகத்தையும் தேய்ப்போம், மரு அவனுக்கும் ஒட்டும்.

5. ‘தொடாமல் விடுங்கள்’ என்பதைச் சொல்லும் முறை

அறிவுரைகளுள் எழுதுவதற்கு அரியது எதையும் செய்யாதிருக்கச் சொல்வது. முத்து போன்ற முகிழ்களுக்குப் பெரும்பாலும் உரிய அறிவுரை அதுவே. அவை ஆறு முதல் பதினெட்டு மாதங்களில் தாமாக மறைவது பெருவழக்கு. சிலருக்கு அதனினும் நீளும். மருக்களும் சிகிச்சையின்றியே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈராண்டுகளில் மறைகின்றன. குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் கிருமியை அடையாளம் காண எடுக்கும் காலம் அது. ஆனால் ‘தனியே விடவும்’ என்று எழுதினால் அது குழந்தையைத் தனியே விடச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ‘கவனிக்க வேண்டியதில்லை’ என்றால் அலட்சியம்போல் தோன்றுகிறது.

இங்குப் பெயரும் பகையாகிறது. ‘உண்ணி’ என்பது நாயின் தோலில் ஒட்டிக்கொள்ளும் பூச்சி. உண்ணியைக் கண்டால் பிடுங்குவதே நம் வழக்கம். ‘பால்’ என்றதும் உள்ளிருப்பதைப் பிதுக்கத் தோன்றுகிறது. முத்து போன்ற முகிழைப் பிதுக்கினால் வெளிவரும் வெண்பொருளில்தான் கிருமி நிறைந்திருக்கிறது. அது படும் இடத்தில் புதிய முகிழ் தோன்றலாம், பிதுக்கிய இடத்தில் தழும்பும் நிலைக்கலாம். பெயரே தவறான செயலுக்கு அழைக்கும்போது, தாளில் அச்செயலை வெளிப்படையாகத் தடுக்க வேண்டும்: கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

நம் முன்னோர் இத்தகைய முகிழ்களுக்குக் கோயிலில் உப்பும் மிளகும் செலுத்துவதாக நேர்ந்துகொண்டனர். தமிழ்நாட்டின் வைத்தீசுவரன் கோயிலில் இன்றும் அவ்வழக்கத்தைக் காணலாம். இந்நாட்டுக் குடும்பங்கள் பலவும் அந்நினைவை உடன்கொண்டு வந்தன. உப்பு நீரில் கரைவதுபோல் மருவும் கரையும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையின் மெய்ம்மையை ஆராய்வது எம் நோக்கமன்று. அவ்வழக்கம் ஒரு பணியைச் செவ்வனே ஆற்றியது என்பதையே சுட்ட விரும்புகிறோம்: கவலையுற்ற தாயின் கைக்கு ஒரு செயலைத் தந்தது, மருவின்மீது கை படாமல் காத்தது, காத்திருக்கும் காலத்துக்கு ஓர் உருவம் அளித்தது. வெறுமனே ‘காத்திருங்கள்’ என்னும் தாள் அதனைச் செய்வதில்லை.

எனவே காத்திருப்போர்க்கும் செயல்கள் தரப்பட வேண்டும். குழந்தையின் நகத்தை வாரந்தோறும் வெட்டுங்கள். துவாலையைத் தனியே வையுங்கள். உடன்பிறந்தாருடன் ஒரே தொட்டியில் குளிப்பாட்டாதீர்கள். வறண்ட தோலில் ஈரப்பதக் களிம்பு தடவுங்கள். அரிப்புக் குறைந்தால் சொறிவதும் குறையும். நீச்சலுக்குச் செல்லும்போது நீர்புகாப் பிளாஸ்டரால் மூடுங்கள். மாதம் ஒருமுறை முகிழ்களை எண்ணி, நாளுடன் எழுதி வையுங்கள். பள்ளிக்கு வழக்கம்போல் அனுப்புங்கள். இதற்காக விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. மறைவதற்குச் சற்று முன் முகிழ்கள் சிவந்து வீங்குவதும் உண்டு. முன்கூட்டியே இதனைச் சொல்லாவிட்டால், குணமாகும் வேளையில்தான் குடும்பம் அஞ்சும்.

6. கைவைத்தியத்தை எதிர்கொள்ளும் மொழி

சுண்ணாம்பு வைத்தல், பூண்டை அரைத்துக் கட்டுதல், அம்மான்பச்சரிசிப் பால் அல்லது எருக்கம்பால் தடவுதல், முடியால் இறுகக் கட்டுதல் ஆகியன நம் வீடுகளில் இன்றும் பேசப்படுகின்றன. இவற்றை மூடத்தனம் என்று தாளில் எழுதினால் பாட்டி தாளை மடித்துவைத்துவிட்டுத் தம் வழியே செல்வார். காரணத்தைச் சொன்னால் கேட்பார். சுண்ணாம்பும் பூண்டும் குழந்தையின் மெல்லிய தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். செடிப்பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். குழந்தையோ கையால் கண்ணைக் கசக்கும். முடியால் கட்டியது மருவா மச்சமா என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும். கட்டிய இடம் சீழ்பிடிக்கவும் கூடும். மேலும், நம் போன்ற கருநிறத் தோலில் சுட்ட இடம் ஆறிய பின்னும் கறுத்தோ வெளுத்தோ நெடுநாள் நிற்கும். தாமாக மறையவிருந்த ஒன்றுக்காக மறையாத தழும்பைக் குழந்தைக்குத் தரவேண்டா என்று சொன்னால் எந்தப் பாட்டியும் மறுக்கமாட்டார்.

7. எச்சரிக்கை எங்கே நிற்கவேண்டும்?

தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். எதிர்மறையும் அங்கேயே வரும். ‘மருந்தை முகத்திலோ மச்சத்தின்மீதோ பிறவித் தழும்பின்மீதோ புண்ணான இடத்திலோ தடவக்கூடாது’ என்னும் வாக்கியத்தில், தடுக்கும் சொல் இடப்பெயர்கள் அனைத்தும் முடிந்த பின்னரே வருகிறது. அவசரத்தில் படிப்பவர் இடங்களை மட்டும் படித்து, அவை தடவவேண்டிய இடங்கள் என்று கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே ‘மருந்து படக்கூடாத இடங்கள்’ என்று தலைப்பை முதலில் இட்டு, முகம், மறைவிடம், மச்சம், பிறவித் தழும்பு, புண் என்று கீழே நிரல்படுத்துவதே தகும்.

அவ்வாறே ‘உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்’ என்பதையும் முதலில் எழுதிப் பின்னர்க் காரணங்களை அடுக்க வேண்டும்: முகிழ் விரைந்து பெரிதானால், நிறமோ வடிவமோ மாறினால், அடிபடாமலே குருதி கசிந்தால், சுற்றிலும் சிவந்து சூடேறிச் சீழ்கட்டினால் அல்லது காய்ச்சல் கண்டால், முகத்திலோ மறைவிடத்திலோ கண்ணிமையிலோ தோன்றினால், குழந்தையின் எதிர்ப்பாற்றல் வேறு நோயாலோ மருந்தாலோ குறைந்திருந்தால், இது எதுவென்று ஐயம் இருந்தால்.

குருதிக்குழல் மேட்டைப் பற்றித் தனியே ஒரு சொல். அது கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் அருகிலிருந்தாலும், பெரிதாக இருந்தாலும், புண்ணானாலும் காத்திருத்தல் கூடாது. இதயநோய்க்கு வழங்கிவந்த புரோப்ரனலால் என்னும் மருந்து இம்மேட்டைச் சுருக்குவதைப் பிரான்சின் பொர்தோ நகர மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்டனர்; தொடங்க வேண்டிய காலத்தில் தொடங்கினாலே அது பெரும்பயன் தரும். ‘தானாகப் போய்விடும்’ என்னும் பொதுமொழியைக் கேட்டு அக்காலத்தைத் தவறவிடக் கூடாது. வீட்டில் மேடு உரசிக் குருதி வந்தால், தூய துணியால் பத்து நிமிடம் விடாது அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

8. வகுப்பறைக்கு

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள் விடுக்கிறோம். முதலாவது, மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குக் கதையும் கட்டுரையும் மட்டுமன்றி, மருந்துத் தாள் ஒன்றையும் கொடுங்கள். மாணவர் எழுதிய தமிழை, ஆங்கில மூலத்தைக் காணாத மற்றொரு மாணவர் படித்து, நீரும் தூரிகையும் கொண்டு செய்துகாட்டட்டும். எங்கே கை தயங்குகிறதோ அங்கே வாக்கியம் தவறியிருக்கிறது. மதிப்பெண் தாளைவிட அக்கை நேர்மையாகத் திருத்தும். ரகர றகர வேறுபாட்டைக் கற்பிக்கவும் மருவையும் மறுவையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இரண்டாவது, கையில் மருவுள்ள குழந்தையை வகுப்பில் பிறர் பட்டப்பெயரிட்டு அழைக்காமல் காத்தருளுங்கள். எம் பேர்த்தி விரல் புண்ணான அவ்வாரத்தில் வலியைவிட மிகுதியாக வருந்தியது, கைகோத்து நிற்கும் வரிசையில் அருகிருந்த பிள்ளை தன் கையைத் தரமறுத்ததற்காகத்தான். அழுக்கினால் வந்ததன்று, குற்றத்தால் வந்ததன்று, ஒருநாள் போய்விடும் என்று ஆசிரியர் ஒருவர் தெளிந்த தமிழில் சொல்லியிருந்தால் அவ்வருத்தம் பாதியாகியிருக்கும்.

அவளுடைய மரு ஏறத்தாழ ஓராண்டில் மறைந்தது. மருந்தினால் மறைந்ததா, தானாக மறைந்ததா என்று எம்மால் கூற இயலாது. எம் கவனக்குறைவால் உரிந்த தோலின் வெளிறிய தடம் மட்டும் சில மாதங்கள் கூடுதலாக நின்றது. அத்தடத்தைக் காணுந்தோறும் ‘பாதுகாக்கவும்’ என்னும் சொல் எம் நினைவுக்கு வந்தது. இலக்கணத்தில் ‘மறு’ ஏதுமில்லாச் சொல். கை என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் சொல்லாத சொல்.